முதல் சான்றிதழிலிருந்து பட்டயக் கணக்காளர் வரை

கெடா மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், மூடா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கோத்தா கோலா மூடா அமைந்துள்ளது. ஆற்றின் மறுகரை பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. அக்கரையில் உள்ள கோலா மூடாவில் 'பாசார் பீசிக்' என்னும் மீன் சந்தை நடைபெறுகிறது. 'பீசிக்' என்றால் கிசுகிசுத்தல் என்று பொருள். படகிலிருந்து இறக்கப்படும் மீனுக்குத் தாம் தர விரும்பும் விலையை வாங்குபவர் ஒவ்வொருவரும் விற்பவரின் காதில் மெல்லச் சொல்வர். உயர்ந்த விலை சொன்னவருக்கு மீன் போய்ச் சேரும். யார் என்ன விலை கேட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

விலையைக் காதோடு காதாகச் சொல்லலாம். கணக்கை அப்படிச் சொல்ல முடியாது. விற்ற மீனுக்கு வந்த பணம் எவ்வளவு, எண்ணெய்க்கும் பனிக்கட்டிக்கும் போனது எவ்வளவு, படகில் உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியதை வேறொருவர் படித்துச் சரிபார்க்கவும் முடிய வேண்டும். அப்போதுதான் உழைத்தவர் ஏமாறமாட்டார். கடன் கொடுத்தவரும் நம்புவார். கணக்கியல் என்னும் துறையின் அடிப்படைத் தேவை இதுதான்.

இத்துறையில் தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றவர் பட்டயக் கணக்காளர் நிலைக்கு உயர்வது எப்படி? அந்தப் பயணத்தில் கூடிக்கொண்டே போவது தேர்வுத்தாள்களின் எண்ணிக்கை மட்டுமா? இப்பாடத்தில் அதைக் காண்போம்.

கிராணியும் பெட்டியடிப் பையனும்

நம் பாட்டன், பூட்டன் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன்னே பிரட்டு நடக்கும். வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் பதிவார். அந்தப் பதிவை வைத்தே மாதக் கடைசியில் சம்பளம் கணக்கிடப்படும். பால்மரம் வெட்டியவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். தம் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது சரியா, தவறா என்று அவர்களால் பார்க்க இயலவில்லை. கணக்கைப் படிக்கத் தெரியாதவர், அதை எழுதுபவரின் நேர்மையை நம்பியே வாழ வேண்டியிருந்தது. தோட்டத்தில் பேனா பிடிக்கும் வேலைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர்களிடையே கணக்குத் தொழிலுக்குப் பழைய பயிற்சி முறை ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பினாங்கிலும் மலாயாவின் பிற ஊர்களிலும் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தொழிலில் சேர்த்தனர். முதலில் அவன் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டிக்கு அருகில் அமர்ந்து, எடுபிடி வேலைகளைச் செய்தபடியே குறிப்பேடும் பேரேடும் எழுதக் கற்றுக்கொள்வான். தேறியபின் 'அடுத்தாள்' ஆவான். பல ஆண்டு அனுபவத்திற்குப் பிறகே கடையைப் பொறுப்பேற்று நடத்தும் மேலாள் பதவி கிடைக்கும். அவர் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு முதலாளியின் சார்பில் கடல் கடந்து வந்து தொழில் நடத்தி, தவணை முடிவில் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

இம்முறையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, கீழ்ப்படியில் தொடங்குவதை யாரும் இழிவாகக் கருதவில்லை. மற்றொன்று, ஏட்டை அழகாக எழுதத் தெரிந்ததால் மட்டும் ஒருவர் மேலாள் ஆகிவிடவில்லை. பொறுப்பை ஏற்கத் தகுதி வந்துவிட்டதா என்று பார்த்தே அவரை உயர்த்தினர். இன்றைய கணக்கியல் கல்வியிலும் இந்த இரண்டும் உண்மையே.

முதல் படி

கோத்தா கோலா மூடாவைச் சேர்ந்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் தந்தை மீன் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவள் எஸ்.பி.எம். தேர்வில் 'பிரின்சிப் பெராகாவுனான்' என்னும் கணக்கியல் பாடத்தை எடுத்து நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறாள். சுங்கைப் பட்டாணியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் எழுத்தராக இருக்கும் பெரியப்பா மகளிடம் அவள் யோசனை கேட்கிறாள்.

"அக்கா, பல்கலைக்கழகம் போனால்தான் கணக்காளர் ஆக முடியுமா?"

"அது ஒரு வழி. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, சிந்தோக்கில் உள்ள வடமலேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் கணக்கியல் பட்டம் படிக்கலாம். ஜித்ரா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. வேலை செய்துகொண்டே தொழில்முறைத் தேர்வுகளைப் படிப்படியாக எழுதலாம். நான் அந்த வழியில்தான் போகிறேன்."

"அப்படியென்றால் சான்றிதழ் படிப்புத்தானே? அதை வைத்துக்கொண்டு மேலே போக முடியுமா?"

"போகலாம். ஆனால், மேலே போகப் போகக் கேள்வியே மாறிவிடும். அதைத்தான் நீ முதலில் புரிந்துகொள்ள வேண்டும்."

அக்கா சொன்ன அந்த வழிக்கு ஏ.சி.சி.ஏ. அமைப்பின் படிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1904ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பட்ட கணக்காளர் சங்கமே பின்னாளில் இவ்வமைப்பாக வளர்ந்தது. கணக்காளர் தொழிலுக்குள் நுழையும் வாய்ப்பு வசதி படைத்த சிலருக்கே இருந்த காலத்தில், அந்த வாயிலை விரிவாகத் திறப்பதே அதன் நோக்கம். 1909இல் எத்தல் அயர்ஸ் பர்டி என்னும் பெண்மணியை அச்சங்கம் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவ்வமைப்பின் அடித்தளப் படிப்பில் சேர முன்தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. நடைமுறையில் இருந்துவரும் அமைப்பின்படி, அதில் 9 தாள்களில் தேர்ச்சி பெற்று, நன்னடத்தைப் பயிற்சியையும் ஓராண்டு வேலை அனுபவத்தையும் முடித்தவர் 'சி.ஏ.டி.' எனப்படும் கணக்கியல் தொழில்நுட்பர் தகுதியைப் பெறுகிறார். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, அடக்கவிலை, இலாப நட்டக் கணக்கு, ஐந்தொகை ஆகியவற்றைப் பிழையின்றிச் செய்யும் ஆற்றலே இத்தகுதியின் அடையாளம்.

ஒரே படகு, மூன்று கேள்விகள்

மேலே செல்லும்போது கேள்வி மாறும் என்று அக்கா சொன்னாள் அல்லவா? ஓர் எடுத்துக்காட்டின் வழி அதைப் புரிந்துகொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியபோது பல மீனவர்களின் படகுகள் நொறுங்கின. அப்படி ஒரு படகு நம் கணக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் பயிற்சிக்காகத் தரப்பட்டவை.

ஒருவர் 40,000 வெள்ளிக்குப் படகு வாங்குகிறார். அது 10 ஆண்டுகள் உழைக்கும். கடைசியில் அதற்கு விலை எதுவும் இராது.

தொடக்கநிலைக் கேள்வி: மூன்றாண்டு முடிவில் படகின் ஏட்டு மதிப்பு எவ்வளவு? ஆண்டுத் தேய்மானம் 4,000 வெள்ளி. மூன்றாண்டுக்கு 12,000 வெள்ளி. எனவே, ஏட்டு மதிப்பு 28,000 வெள்ளி. விதி தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

இடைநிலைக் கேள்வி: நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் படகு பெருஞ்சேதம் அடைகிறது. இப்போது விற்றால், விற்பனைச் செலவு போக 15,000 வெள்ளி கிடைக்கும். பழுது பார்த்துத் தொடர்ந்து பயன்படுத்தினால், இனி அது ஈட்டித்தரும் நிகர வருவாயின் இன்றைய மதிப்பு 19,000 வெள்ளி. கணக்கில் எதைக் காட்டுவது? இரண்டில் உயர்ந்த தொகையான 19,000 வெள்ளியைத்தான் காட்ட வேண்டும். ஏட்டில் உள்ள 28,000 வெள்ளிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடாகிய 9,000 வெள்ளியை இழப்பாகப் பதிய வேண்டும். இங்கு விதி மட்டும் போதாது. அந்த 19,000 வெள்ளி என்னும் மதிப்பீடு நம்பத்தக்கதா, எத்தனை நாள் கடலுக்குப் போக முடியும் என்ற கணிப்புக்கு என்ன ஆதாரம் என்றெல்லாம் கேட்கத் தெரிய வேண்டும்.

உயர்நிலைக் கேள்வி: படகின் உரிமையாளர் வங்கியில் கடன் கேட்கப் போகிறார். "இந்த 9,000 வெள்ளி இழப்பை இவ்வாண்டு காட்ட வேண்டாம். கடன் கிடைத்தபிறகு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று கேட்டுக்கொள்கிறார். அவர் நல்லவர், பல ஆண்டுப் பழக்கம். கடன் கிடைக்காவிட்டால் படகில் வேலை செய்யும் நால்வரின் பிழைப்பும் போய்விடும். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இக்கேள்விக்குக் கூட்டல் கழித்தலில் விடை இல்லை. உலகெங்கும் தொழில்முறைக் கணக்காளர்கள் ஐந்து நெறிகளைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள். அவை நேர்மை, நடுநிலை, தொழில்திறனும் கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை என்பன. இழப்பை மறைத்து எழுதினால், அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுப்பவரை ஏமாற்றியதாகும். அதே வேளையில் உரிமையாளரைக் கைவிடவும் வேண்டியதில்லை. உண்மைக் கணக்கைக் காட்டி, பழுதுபார்ப்புத் திட்டத்தையும் வருங்கால வரவு செலவுக் கணிப்பையும் அதனுடன் இணைத்து, தவணையைக் குறைத்துக் கடன் கேட்க உதவலாம். உண்மையை விடாமல் வழி காண்பதே பட்டயக் கணக்காளரின் திறமை.

'எவ்வளவு?' என்பது முதல் படியின் கேள்வி. 'ஏன் அவ்வளவு?' என்பது இரண்டாம் படியின் கேள்வி. 'இதற்கு நான் பொறுப்பேற்கலாமா?' என்பது மூன்றாம் படியின் கேள்வி. தொடக்கநிலையில் நன்கு தேறிய சிலர் மேற்படிப்பில் தடுமாறுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. அவர்கள் இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கும் மனப்பாட விடையைத் தேடுகிறார்கள்.

மேற்படிகள்

ஏ.சி.சி.ஏ. தொழில்முறைத் தகுதியில் மொத்தம் 13 தாள்கள் இருந்துவருகின்றன. முதல் 3 தாள்கள் அடிப்படை அறிவைச் சோதிப்பவை. அடுத்த 6 தாள்கள் சட்டம், வரி, கணக்காய்வு, நிதி அறிக்கை, நிதி நிர்வாகம், செயல்திறன் நிர்வாகம் ஆகிய துறைகளில் திறனைச் சோதிப்பவை. கடைசி 4 தாள்கள் உயர்நிலையைச் சார்ந்தவை. அவற்றுள் இரண்டு கட்டாயத் தாள்கள்; மற்ற இரண்டை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சி பெற 50 புள்ளிகள் வேண்டும்.

சி.ஏ.டி. தகுதி பெற்றவருக்கு முதல் 3 தாள்களிலிருந்து விலக்கு உண்டு. எனவே, அவருக்கு எஞ்சியிருப்பவை 10 தாள்களே. தொடக்கநிலைப் படிப்பு வீணாவதில்லை. அதில் கற்றதே மேற்படிப்பின் முதல் கட்டமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

தேர்வுகளோடு நன்னெறிப் பயிற்சி ஒன்றும், 36 மாத வேலை அனுபவமும் கட்டாயம். இந்த அனுபவத்தைத் தேர்வுக்கு முன்னும், தேர்வுக் காலத்திலும், பின்னும் பெறலாம். பகலில் வேலை செய்து இரவில் படிப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. அவருடைய படிப்புக் காலமும் அனுபவக் காலமும் ஒன்றாகவே நகரும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அவர் பெற்ற செயல்திறனைத் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே, வேலை தேடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காமல், 'எனக்கு வழிகாட்டிக் கையொப்பமிடத்தக்க கணக்காளர் இங்கு இருக்கிறாரா?' என்றும் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் இன்னொரு படியும் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின்கீழ் மலேசியக் கணக்காளர் கழகம் நிறுவப்பட்டது. சுருக்கமாக அதனை 'எம்.ஐ.ஏ.' என்பர். தேர்வுகளில் தேறியவர் தேவையான அனுபவத்துடன் இக்கழகத்தில் உறுப்பினரான பிறகே நம் நாட்டில் பட்டயக் கணக்காளர் என்ற பெயரைப் பயன்படுத்த முடியும். அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் பெற்றவரும் உரிய அனுபவத்துடன் இக்கழகத்தை அடையலாம். பாதைகள் பலவாயினும் அவை வந்து சேரும் வாசல் ஒன்றே.

சிறையிலிருந்து தொடங்கிய பயணம்

இப்பாதை இன்று நீளமாகத் தோன்றலாம். பாதையே மறுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றைப் பார்ப்போம். அவர் பெயர் ஆர். சிவபோகம். 1907இல் பிறந்த அவர், சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். இந்திய விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றதற்காக வேலூர்ச் சிறையில் ஓராண்டு அடைக்கப்பட்டார். சிறையில் இருந்தபோதுதான் கணக்கியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

விடுதலையான பின் படித்து, 1933இல் அரசாங்கக் கணக்கியல் டிப்ளோமா தேர்வில் தேறினார். இந்தியாவில் அத்தேர்வில் தேறிய முதல் பெண் அவரே. பின்னர்ச் சென்னையில் ஒரு கணக்காய்வாளரிடம் பயிற்சியும் பெற்றார். ஆனால், சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெற முடியாது என்று அன்றைய ஆங்கிலேய அரசின் விதி தடுத்தது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1949இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நிறுவப்பட்டபோது அதன் உறுப்பினரானார். 1955 முதல் 1958 வரை அக்கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத் தலைவராகவும் பணியாற்றினார்.

டிப்ளோமா, பயிற்சி, வழக்கு, பதிவு, சொந்தத் தொழில் என ஒவ்வொரு படியாகவே அவர் ஏறினார். தேர்வில் தேறிய நாளுக்கும் தொழில் தொடங்கிய நாளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கடந்தன. அவர் காத்திருந்தார், ஆனால், சும்மா இருக்கவில்லை.

திட்டமிட்டுப் படித்தல்

இனி நம் மாணவியிடம் திரும்புவோம். வேலையோடு படிப்பவர் ஆண்டுக்கு 4 தாள்கள் எழுதித் தேறினால் 10 தாள்களை இரண்டரை ஆண்டுகளில் முடிக்கலாம். ஆண்டுக்கு 2 தாள்கள்தான் இயலும் என்றால் ஐந்து ஆண்டுகள் ஆகும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. ஆனால், உயர்நிலைத் தாள்களை முடிக்கக் காலவரம்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பதிவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, தேர்வுக் கட்டணம், வகுப்புக் கட்டணம் ஆகியவை தனித்தனியானவை. அவற்றுள் அமைப்புக்குச் செலுத்த வேண்டியவை பிரிட்டிஷ் பவுனில் விதிக்கப்படுவதால், நாணய மாற்று விகிதம் மாறும்போது வெள்ளியில் ஆகும் செலவும் மாறும். தேர்வுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்பவருக்குக் கட்டணம் குறைவு. தேர்வு அமைப்பும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், பதிவதற்கு முன் அமைப்பின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மொழியும் ஒரு தடையாகத் தோன்றலாம். பள்ளியில் கணக்கியலை மலாயில் படித்தோம். தொழில்முறைத் தேர்வோ ஆங்கிலத்தில். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மலாயில் 'லேஜார்', ஆங்கிலத்தில் 'லெட்ஜர்', தமிழில் 'பேரேடு' என்று மூன்று மொழிச் சொற்களையும் ஒரே வரிசையில் எழுதிவரலாம். ஒரு கருத்தைத் தாய்மொழியில் புரிந்துகொண்டவருக்கு அதன் வேற்றுமொழிப் பெயர் விரைவில் பழகிவிடும். உயர்நிலைத் தாள்களில் அறிக்கை வடிவில் நீண்ட விடை எழுத வேண்டியிருப்பதால், நாள்தோறும் ஒரு பத்தியாவது ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதும் தேவை.

தோல்வியையும் எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டும். நம் கற்பனை மாணவியின் அக்கா தன் அனுபவத்தைச் சொல்கிறாள்:

"வரித் தாளில் நான் முதல் தடவை தவறிவிட்டேன். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து என் மேலாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. 'எந்தக் கேள்வியில் புள்ளி போனது, பார்த்தாயா?' என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். கணக்கு எல்லாம் சரிதான். விளக்கம் எழுதச் சொன்ன இடத்தில் எல்லாம் வெறும் எண்ணை எழுதி வைத்திருந்தேன்."

"அப்புறம் என்ன செய்தீர்கள், அக்கா?"

"அலுவலகத்தில் ஒவ்வோர் எண்ணையும் எழுதும்போது, 'இதை யாராவது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?' என்று என்னையே கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். இரண்டாம் தடவை தேறிவிட்டேன். நீயும் இன்றே அந்தப் பழக்கத்தைத் தொடங்கு. அப்பாவின் லாரிக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்."

அன்றிரவு அம்மாணவி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தந்தையிடம் எண்ணெய்ச் செலவையும் பயணக் கூலியையும் கேட்டு எழுதத் தொடங்குகிறாள். டயருக்குக் கட்டிய பணத்தைப் பற்றி, "ஏன் இவ்வளவு?" என்று அவள் கேட்க, தந்தை சிறிது யோசித்துவிட்டு, ரசீதைத் தேடப் போகிறார்.

சிந்தித்து விடை எழுதுக

1. 'விலையைக் காதோடு காதாகச் சொல்லலாம். கணக்கை அப்படிச் சொல்ல முடியாது' என்று கூறப்படுவதன் காரணம் என்ன?

2. பெட்டியடிப் பையன் மேலாள் ஆன முறைக்கும் இன்றைய தொழில்முறைக் கல்விக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டனை எழுதுக.

3. படகு எடுத்துக்காட்டில் வரும் மூன்று கேள்விகளும் ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு வேறுபடுகின்றன?

4. வேலை செய்துகொண்டே படிப்பவர், வேலையிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஏன்?

5. படகின் உரிமையாளர் உங்களிடம் அவ்வாறு கேட்டிருந்தால் நீங்கள் அவருக்கு என்ன பதில் கூறியிருப்பீர்கள்? உரையாடல் வடிவில் எழுதுக.